டாக்டரிடம் நான் மறைத்த மாத்திரை

அன்பானவர்களே, இன்று உங்கள் முன் நான் உயிரோடு நிற்பது ஆண்டவருடைய இரக்கம். என் பெயர் ஸ்டெல்லா. தங்கவயலில் இருந்து தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவள். பாத்ரூம் பக்கம் நகர முடியாத கூட்டம். அதனால் மதியம்வரை தண்ணீரே குடிக்க மாட்டேன்.

பிபி மாத்திரையைத் தவறாமல் போட்டேன். முட்டிவலிக்கு, பெண்கள் பெட்டியில் எங்கள் ஜெபத்தை நடத்தும் எஸ்தர் அக்கா ஒரு மாத்திரையை ஜெபித்துத் தருவார். வலி பறந்துவிடும். ஆறு மாதம் அப்படியே ஓடியது.

போன ஏப்ரலில் இரண்டு நாள் வாந்தி, பேதி. அப்போதும் இரண்டு மாத்திரையையும் விடவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. கால் வீங்கியது. ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் பார்த்தார்கள். கிட்னி அடிபட்டிருக்கிறது, சரியாகாவிட்டால் டயாலிசிஸ் என்றார் டாக்டரம்மா.

"பிபி மாத்திர இல்லாம வேற இன்னாம்மா சாப்பிடற?"

"ஒண்ணும் இல்லீங்க."

ஜெபித்துக் கொடுத்ததைக் குறை சொல்வதா? அக்கா பெயர் கெடுமே! பொய்யும் சொல்லிவிட்டு, "காப்பாத்தும் ஆண்டவரே" என்று அழுதேன். குழாய் மாட்டிக் கட்டிலில் தொங்கவிட்டிருந்த சிறுநீர்ப் பையையே என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் ரிப்போர்ட் இன்னும் மோசம்.

"இயேசப்பா, உண்மைய சொல்ல தைரியம் குடும்" என்று ஜெபித்தேன். கண் திறந்தால் டாக்டரம்மா நிற்கிறார். கைப்பையை அப்படியே கவிழ்த்தேன்; அக்கா கொடுத்த மாத்திரைகள் கட்டிலில் விழுந்தன.

"இதத்தான் கேட்டேன்! பிபி மாத்திர நல்லதுதாம்மா. ஆனா ஒடம்புல தண்ணி வத்தி, வலி மாத்திரையும் சேந்தா கிட்னி தாங்காது."

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியிருக்கிறேன். வலி மாத்திரையை அடியோடு நிறுத்தினார். பிபி மாத்திரையையும் சில நாள் நிறுத்திவைத்து சலைன் ஏற்றினார். மறுநாள் அந்தப் பை நிறையத் தொடங்கியது. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார். நர்ஸ் சிரித்துவிட்டார்.

பிபி மாத்திரையை மறுபடி கொடுத்தபோது வாங்கத் தயங்கினேன். "பிபி ஏறினா அதுவே கிட்னிய கெடுத்துடும், பயப்படாம போடுங்க" என்றார் டாக்டரம்மா. விழுங்கினேன். இன்று கிட்னி நன்றாக இருக்கிறது. கூட்டமோ கூட்டமில்லையோ, தண்ணீர் குடிக்கிறேன்.

எஸ்தர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"எனக்கும் பிபி இருக்குடி. நானும் தெனம் அதத்தான் போடறேன்."

அன்றே அழைத்துப்போனேன். அவர் கிட்னியும் அடிவாங்க ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, நேரத்தில் பிடித்தார்கள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன பொய், அவரையே கொன்றிருக்கும்.

பிரியமானவர்களே, நம்பி ஜெபியுங்கள். ஜெபித்து எழுந்ததும் விழுங்குவதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண்டவருக்குத் தெரிந்ததை டாக்டரிடம் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?