எட்டும் இரண்டும் ஒன்பது

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் எங்கள் வீட்டில் இது நடந்தது. ஞாயிறன்று மகளுக்கு மேற்கத்திய இசைத் தேர்வு. கீபோர்டு ஆசிரியை வெளியூர் சென்றிருந்தார். பள்ளியில் கணிதம் கற்பிப்பவள் என்ற துணிவில், மாதிரித் தாளைத் திருத்த நான் உட்கார்ந்தேன்.

ஆக்டேவ் என்றால் எட்டாவது சுரம். அதற்கு மேல் ஒரு செகண்ட், அதாவது இரண்டாவது, போனால் வரும் இடைவெளி என்ன என்பது கேள்வி. மகள் 'நைன்த்' என்று எழுதியிருந்தாள். எட்டும் இரண்டும் பத்தல்லவா? சிவப்பு மையால் அடித்தேன். ஆக்டேவும் தேர்டும், அதாவது எட்டும் மூன்றும், சேர்ந்தால் 'டென்த்', பத்து, என்றிருந்தது. அதையும் அடித்தேன். நைன்த், லெவன்த் என்று பெயர் கொண்ட, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பெரிய கார்டுகளும் அதே கணக்கில் அடிபட்டன.

"மிஸ் அப்படித்தாம்மா சொன்னாங்க. ஏன்னு தெரியல."

"ஏன்னு தெரியாம எழுதுவியா?"

"அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. நான் எக்ஸாமுக்குப் போகல, விடு." கீபோர்டை உறைக்குள் தள்ளி மூடிவிட்டாள்.

பாடநூலைப் புரட்டினேன். அது அவள் பக்கமே பேசியது. ஒரு பக்கம் முழுவதுமா அச்சுப்பிழை இருக்கும்? குழப்பத்தோடு நெசவாளர் வீட்டுக்குப் புறப்பட்டேன். தங்கை மகளின் திருமணப் புடவை அங்கே தறியில் இருந்தது.

"எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை தறியிலேர்ந்து எறக்கிடுவாரு. ஒம்போதாம் நாள் சனி, வந்து வாங்கிக்கினு போங்க டீச்சர்" என்றார் நெசவாளரின் மனைவி.

"வெள்ளிக்கு வெள்ளி ஏழு நாள்தானே?"

"அய்ய, இன்னிக்கு எந்தக் கணக்குல போவுது? இன்னியயும் சேத்து எண்ணணும்மா! ஸ்கூல்ல நீங்கதான் கணக்கு சொல்லித் தரீங்களா?"

அவர் சிரிக்கச் சிரிக்க, விரல் விட்டு எண்ணினேன். இன்று வெள்ளி ஒன்று, நாளை சனி இரண்டு. அடுத்த வெள்ளி எட்டு, அடுத்த சனி ஒன்பது. முதல் வாரம் முடிவதும் அடுத்த வாரம் தொடங்குவதும் ஒரே வெள்ளியில்தான். ஆக்டேவ் முடியும் சுரத்திலேயேதான் செகண்டும் தொடங்குகிறது; அந்த ஒன்றை நான் இருமுறை எண்ணியிருக்கிறேன்.

வீடு திரும்பி மகளிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், மெல்ல உறையை விலக்கிக் கட்டைகளை எண்ணினாள்.

"அப்ப ரெண்டு ஆக்டேவ் பதினாறு இல்ல, பதினஞ்சு! ரெண்டு வாரத்தப் பதினஞ்சு நாள்னுதானேம்மா சொல்றோம்?" பிறகு தாளைப் பார்த்தாள். "இந்தச் செவப்பையெல்லாம் யாரு அழிக்கிறது?"

அடித்த ஒவ்வொன்றின் அருகிலும் 'சரி' என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஞாயிறன்று தேர்வுக்குப் போனாள்.

இன்றும் வகுப்பில் ஒரு பிள்ளை, "ஏன்னு தெரியல டீச்சர்" என்று சொன்னால், தெரியாதது அந்தப் பிள்ளைக்கா எனக்கா என்று குழம்பி, திறந்த சிவப்புப் பேனாவை ஒரு கணம் மூடி வைத்துவிடுகிறேன்.