அருந்ததியின் மூன்று வட்டங்கள்

அருந்ததி ஒருநாளும் பாலைவனத்தைக் கண்டதில்லை. ஆனால் சூடானின் வடகிழக்கு மலைகளில் எந்த வறண்ட ஆறு எங்கே திரும்புகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்த யாழ்ப்பாணத்துப் பெண். நுகேகொடையில் ராசிக் நடத்திய சின்ன அலுவலகத்தில், வெளிநாட்டுக் கம்பனியொன்றுக்காகச் செய்மதிப் படங்களில் தங்கம் தேடுவது அவள் வேலை.

தங்கம் வானத்திலிருந்து தெரியாது. அதைக் கொண்டுவந்த வெந்நீர் முன்னொரு காலத்தில் பாறையைக் களியாகவும் துருவாகவும் மாற்றிய தடம்தான் தெரியும். புல்பூண்டு இல்லாத பாலைவனத்தில் அதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. கணினியில் படத்தைப் பிரித்து நிறம் மாற்றினால், அப்படி மாறிய பாறை தனியாக எழுந்து நிற்கும். அதன்மேல் எண்ணெய்த்தாளை வைத்துப் பாறை வெடிப்புகளை வரைவாள். நிறமும் வெடிப்பும் சந்திக்கிற இடத்தில் சிவப்பு வட்டம். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'டார்கெட் 1', 'டார்கெட் 2', 'டார்கெட் 3'. துளைத்துப் பார்க்க வேண்டிய இடத்துக்கு அவர்கள் தொழிலில் அதுதான் பெயர்.

இடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று கம்பனி சொன்னதால், ஊர்ப்பெயரும் அளவெண்களும் இருந்த ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் படங்களை வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் குண்டு வைப்பவர்களைத் தேடிப் பொலிஸ் அவர்கள் குடியிருந்த ஒழுங்கையைச் சோதித்தது. புறக்கோட்டைக் கடையொன்றில் கிளாக்காக இருந்த அவள் கணவன் வரதராசா அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான். பின்னேரம் அவள் வந்தபோது கீழ்வீட்டு மேபல் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளை, தம்பிய ஜீப்பில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். மேசையில கிடந்த படத்தையெல்லாம் காட்டி ஆர்ட எண்டு கேட்டாங்கள். தன்ர எண்டு சொல்லிப்போட்டார்."

பையைக்கூட வைக்காமல் பொலிசுக்கு ஓடினாள். படங்கள் தன்னுடையவை, சூடானில் தங்கம் தேடுகிறோம் என்று சிங்களத்தில் சொன்னாள். இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடான் என்று எங்கே எழுதியிருக்கிறது? டார்கெட் என்றுதான் இருக்கிறது. எதைத் தாக்கப்போகிறீர்கள்?"

கம்பனியிடமிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் அவள் கடிதம் கேட்டபோது ராசிக் தலையைக் குனித்துக்கொண்டான். "எனக்கு வெளங்காம இல்ல, அருந்ததி. தங்கம் தோண்டுற லைசன் கைக்கு வாற வரைக்கும் எடத்தச் சொல்ல ஏலாது எண்டு கம்பனி சொல்லுது. தெரிஞ்சா வேற ஆக்கள் முந்திருவாங்க. மூணு மாசம் பொறுக்கட்டாம்."

"அங்க அவரை அடிக்கிறாங்கள், ராசிக்."

அவன் முழுப் படங்கள் இருந்த அலுமாரியின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "நான் சாப்பிடப் போறன்" என்று எழுந்து போனான்.

ஓரம் வெட்டாத படத்தையும் ஒரு அட்லஸையும் எடுத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் முன்னால் விரித்தாள். பொலிஸ் எடுத்துப்போன படத்தோடு ஆற்றுக்கு ஆறு, மலைக்கு மலை பொருந்தியது. அவருக்கு விளங்கியது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நேற்றே இதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். உன் கணவன் வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டான். கோப்பு மேலே போய்விட்டது."

வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. வரதராசாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

அந்தப் படத்தை நீதிமன்றம் ஏற்க எட்டு மாதமாயிற்று. இடம் வெளியே போனதை அறிந்த கம்பனி வேலையை நிறுத்தியது. ராசிக் அலுவலகத்தை மூடினான். அந்த மலையில் தங்கம் இருந்ததா என்று அவள் கடைசிவரை அறியவில்லை. வீட்டுக்காரர் வீட்டை விடச் சொன்னார். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை எடுத்து, தொலைபேசிக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வரதராசா வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. தெருவில் வாகனம் நின்றால் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பான். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தவனிடம் அவள் கேட்டாள்.

"ஏன் உங்கட எண்டு சொன்னனீங்கள்?"

"உம்மட எண்டு சொன்னா உம்மைத் தேடி நுகேகொடைக்கு வந்திருப்பாங்கள்."

"எனக்கு அது என்னெண்டு விளங்கப்படுத்தத் தெரியுமெல்லே. உங்களுக்கு ஒண்டும் தெரியாதே."

"ஓம்," என்றான் அவன். "அவங்கள் கேட்டுக்கொண்டே இருந்தாங்கள். எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்ல."

அவள் எழுந்து போய் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.