கராத்தே வகுப்பும் கன்றிப்போன கையும்

எங்கள் ஆபீசில் இந்த வாரம் என் வீட்டுக்காரர் கெட்டவர் ஆகிவிட்டார். காரணம், நான் கராத்தே கற்றுக்கொள்வது!

(அவர் என்னை அதட்டிக்கூடப் பேச மாட்டார். அதற்கும் சோம்பேறித்தனம்.)

போன வருடம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் வேண்டுமென்றே இடித்துவிட்டுப் போனான். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் முப்பத்தெட்டு வயதில், பாளையங்கோட்டையில் பெண்களுக்கான தற்காப்பு வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிறு காலை மட்டும். மாஸ்டரும் ஒரு பெண்தான்.

போன ஞாயிறு, அடிக்க வருகிற கையை முன்கையால் தடுக்கும் பயிற்சி. ஜோடி ஜோடியாக, மாஸ்டர் போதும் என்கிற வரைக்கும். திங்கட்கிழமை பார்த்தால் முழங்கைக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் நீளமாகக் கன்றிப் போயிருந்தது.

வகுப்புக்குப் போவதை ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. (இந்த வயதில் துள்ளுகிறாள் பார் என்பார்கள்.) அதனால் கேட்டவர்களிடம், கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். கதவில் இடித்துக்கொண்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்களுக்குத் தெரியாதா?

பேட்டையில் எங்கள் கம்பெனி சின்னது. மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் கோபமாக இருக்கும்போது எதிர்த்துப் பேசாதே என்றார் ஒருவர். செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு விளக்குப் போடு என்றார் இன்னொருவர். சூப்பர்வைசர் அண்ணாச்சி, தானும் ஒரு காலத்தில் கோபக்காரர்தான் என்றும், வயதானால் சரியாகிவிடும் என்றும் எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஒருத்தருக்குக்கூட அடித்தவர் மேல் கோபம் வரவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

டிபன் பாக்ஸ் கழுவப் போனபோது பேக்கிங் பிரிவு அக்கா ஒருத்தர் பின்னாலேயே வந்தார். அதிகம் பேசாதவர். பெயர் வேண்டாம். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, எதைக் கொண்டு அடிச்சாரு? வெறுங்கைன்னா இப்படி நீளத்துக்கு வராதே. இன்னைக்கு வெந்நி ஒத்தடம் குடுத்துராத. மொத நாளு ஐஸ்தான் வைக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். ரகசியமாக வகுப்புக் கதையைச் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டார்.

"நீயும்தான்னு நெனைச்சிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்குனி வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட் போடுகிற அக்கா அவர். இதென்ன புது ஃபேஷனா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற நான் அந்த நேரத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? குழாயை மூடிவிடுங்கள் அக்கா என்றேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை வேலை முடிந்து அக்கா பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் போய் நின்றேன். நீங்களும் வகுப்புக்கு வாங்கக்கா என்றேன். திருப்பி அடிப்பதற்காக இல்லை, பிடித்த கையை உதறிவிட்டு ஓடு என்பதுதான் மாஸ்டரின் முதல் பாடம் என்றும் சொன்னேன்.

அக்கா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"ஓடி எங்கன போவ, சொல்லு."

எங்கள் வகுப்பில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அதற்குள் பஸ் வந்துவிட்டது, அக்கா ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. அக்காவின் புருஷன் எங்கள் வாசலில் வந்து நின்றால்? என் பிள்ளைகள்? என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே?

அவரிடம் சொன்னேன். ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்து, முன்ரூமில் அடைந்து கிடந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிப் போனார். (சோம்பேறி என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

இன்று அக்கா வேலைக்கு வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

நான் சொன்னது அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டதோ? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ? தெரியாத நம்பரையெல்லாம் எடுத்தேன். இரண்டு பேர் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டார்கள்.

மூன்று மணிக்கு இன்னொரு தெரியாத நம்பர்.

"ஏட்டி, பிள்ளையையும் சேத்துக் கூட்டிட்டு வரலாமா?"

வாங்க என்றேன். நாலைந்து தடவை சொல்லியிருப்பேன்.

இப்போது இரண்டு பேரும் எங்கள் முன்ரூமில் இருக்கிறார்கள். நாளை காலை மகளிர் காவல் நிலையம் போகிறோம், மாஸ்டரும் கூட வருகிறார். தெருவில் ஒரு பைக் வேகம் குறைந்தாலே ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன். பயம் போகத்தான் வகுப்பில் சேர்ந்தேன், அது போகவில்லை. பயந்துகொண்டே பேச மட்டும் வந்திருக்கிறது.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நண்பர்கள் மட்டும் பார்க்கிற பதிவு, தயவுசெய்து யாரும் பகிர வேண்டாம்.

ஒரே ஒரு உதவி. தமிழ் மீடியம் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? பிள்ளைக்குத் திங்கட்கிழமை பரீட்சையாம். பையை எடுக்க நேரம் இருக்கவில்லை.