நித்யஸ்ரீயின் சின்ன கிட்டார்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் மாடிவீட்டு நித்யஸ்ரீ, கிட்டாரைத் தொடுமுன் கையை ஈரம் போகத் துடைத்துக்கொள்வாள். பல வருடமாகப் பார்க்கிறேன். மடியில் அடங்கும் சின்ன கிட்டார் அது. ஒட்டுப்பலகை இல்லை, முழுமரம். வாசித்தால் அதிர்வு நெஞ்செலும்பு வரை இறங்குமாம்.

ஆயுத பூஜைக்கு வைக்க வேண்டுமென்று அவள் கணவன் ஷ்யாம்சுந்தர் பைக்கோடு அதையும் தண்ணீர் அடித்துக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தான். பலகை வெடித்துவிட்டது.

“குழந்தைங்க வாசிக்கற சைஸ். இதுக்குப் போய் இவ்ளோ சீனா? பெருசா ஒண்ணு வாங்கித் தர்றேன்.”

“பெருசு உனக்குத்தான் வேணும் ஷ்யாம். என் உடம்புக்கு இதுதான் சரி. தொடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா?”

அவனை அறைய எனக்கே கை துடித்தது. படிக்கட்டில் நின்றிருந்த நான் கீழே இறங்கிப் போனேன்.

கடையில் விரிசலை ஒட்டிக் கொடுத்தார்கள். பழைய நாதம் இல்லை. இப்போதும் தினமும் வாசிக்கிறாள். அவன் பைக் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுகிறாள்.