ஜெரால்ட் சாரின் பெயரை மாற்ற மாட்டேன்

ஜெரால்ட் சார் இறந்த செய்தி எங்கள் தேவாலயப் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. இட்லி அவித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் படிப்பதற்குள் முதல் இரங்கல் கீழே வந்து விழுந்தது: "நேர்மையான மனிதர். ஈடு செய்ய முடியாத இழப்பு." எழுதியவர் என் சொந்த அண்ணன், எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் நான் கணக்குப் பிரிவு. அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு எங்கள் மில்லர்புரத்தில் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்த்தார். வந்ததும் திட்டுவார். "மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்" என்பார். காப்பியில் சீனி குறைந்தாலும் திட்டு விழும். திட்டு வாங்கியவர்களே மறுபடியும் கூப்பிடுவார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாடியில் அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். கூடத்தில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர். அம்மாவை அப்பா எடுத்த வீடியோக்களெல்லாம் அதில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. இருவரும் இப்போது இல்லை. அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே வைஃபை வழியாக அந்த ஃபோல்டரைப் பார்ப்போம். அம்மாவின் ஆண்டுத் திருப்பலி முடிந்து உறவினர்கள் சாப்பிட வந்திருந்த அன்று, அண்ணனின் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. அனுமதி இல்லை என்றது. என்னுடையதில் திறந்தது. போதாதா? "ஏளா, எனக்கு மட்டும் பூட்டிப் போட்டிருக்கியா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

ஜெரால்ட் சாரைக் கூப்பிட்டேன். மூன்று கம்ப்யூட்டரையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எங்களில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அப்பா சேவியர், அண்ணன் மகன் சேவியர், என் மகனும் சேவியர். மூன்று மிஷினிலும் பயனர் பெயர் அதுவே. "மாடியிலேருந்து சேவியர்னு ஒருத்தன் வாரான். தாத்தா மிஷின், நம்ம சேவியருதான்னு பார்க்கு. பாஸ்வேர்டு வேற. போலே வெளியன்னு சொல்லுது" என்றார். அண்ணன் மகன் அந்த வாரம்தான் தன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தான். என் மகன் சோம்பேறி. தாத்தாவின் பாஸ்வேர்டையே தனக்கும் வைத்திருந்தான். அதனால் என்னுடையது திறந்திருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்.

அப்பாவின் மிஷினில் அந்த ஃபோல்டருக்கென்று புதிதாக ஒரு பயனரை உண்டாக்கினார். "இந்த வீட்ல யாருக்கும் இல்லாத பேரா வேணும்" என்று சொல்லி, தன் பெயரையே அடித்தார். பிறகு அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்தார். "பாஸ்வேர்ட நீங்களும் தங்கச்சியுமா போடுங்க. எனக்குத் தெரிய வேண்டாம்" என்று எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அண்ணன்தான் அடித்தார். மாடிக் கம்ப்யூட்டரிலும் வீடியோவில் அம்மா வந்தாள். "இத எதுக்குப் புடிக்கிய, அந்தால போங்க" என்று அப்பாவை விரட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அதோடு விட்டாரா? உறவினர் முன்னால் என்னைத் திருடியாக்கிய வெட்கத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது அவருக்கு. "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல அந்த ஜெரால்ட் அவன் பேர்லயே ஒரு சாவி வச்சிருக்கான். அங்கன இருந்துகிட்டே எல்லாத்தையும் பார்க்கான்" என்று கோயில் வாசலில் சொல்லித் திரிந்தார். ஜெரால்ட் சார் சுவரைப் பார்த்து நின்றது என் அண்ணனுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்.

பங்கு மக்களே, நீங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டதும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள். உண்டா இல்லையா என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. அடக்கத்துக்கு மட்டும் தெரு கொள்ளாத கூட்டம்.

அந்தப் பயனருக்கு வேறு பெயர் வைத்துவிடுவோமா என்று நான் ஒரு தடவை அவரிடம் கேட்டேன். "மாத்துனா நான் தப்புப் பண்ணேன்னு ஆயிரும்லா. கெடக்கட்டும்மா. பாஸ்வேர்டு போட்டவருக்குத் தெரியும், ஒரு நாள் சொல்லுவாரு" என்றார். அவர் கண் மூடும்வரை அண்ணன் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய கையோடு அண்ணன் என்னிடம் வந்தார். "ஏளா, செத்தவன் பேரு வீட்ல எதுக்கு? மாத்திரு."

"மாட்டேன்" என்றேன்.

அப்பாவின் மிஷின் என் பொறுப்பில் இருக்கிறது. ஜெரால்ட் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பெயர் ஒன்றுதான். அண்ணன் இப்போது புது லேப்டாப் வாங்கியிருக்கிறார். அதில் அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால், யார் என்று அது கேட்கும். ஜெரால்ட் என்று தன் கையால் அடித்துவிட்டுத்தான் அவர் உள்ளே போக வேண்டும்.