அப்புச்சிக்கு வைத்த ஃப்ளெக்ஸ்

போன மாதம் அப்புச்சி தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்களிடம் பெரிய மாமா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். எண்பது வயது விழாவில் கிழவர் ஃப்ளெக்ஸை அறுத்த கதை. அப்புச்சி என் அம்மாவைப் பெற்றவர். ராணுவத்தில் லாரி ஓட்டினார். ஊர் திரும்பி நாமக்கல் லாரிகளில் வடக்கே போய்வந்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். அவ்வளவு நீண்ட வாழ்க்கையில் மாமாவுக்குச் சொல்லக் கிடைத்தது அந்த ஒரு சிரிப்புதான். அதையும் அவர் சரியாகச் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. விழாவுக்கு முதல் நாளே ஊர் முக்கில் மாமா ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். அதில் யாரோ ஒரு பெரிய ராணுவ அதிகாரியின் உடம்பு. அதன் மேல் அப்புச்சியின் தலை. நெஞ்சு நிறையப் பதக்கங்கள். பின்னால் பீரங்கி வண்டி, போர் விமானம். கீழே வரிசையாகக் குடும்பம். மாமன்மார் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். தவழத் தெரியாத குழந்தைக்குக்கூடக் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தார்கள். நான் இல்லை. அம்மாவும் இல்லை.

அம்மா கேட்டதற்கு, "எடம் பத்துல அம்மிணி" என்றார் மாமா. பீரங்கிக்கு இடம் இருந்தது. மாமாவின் லாரிக்கு லோடு கொடுக்கும் மில் முதலாளி ஆளுயரத்துக்கு நின்று கும்பிட இடம் இருந்தது. மகள் வயிற்றுப் பேத்திக்குத் தபால் தலை அளவு இடம் இல்லையாம். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அழுதுகொண்டே போய் அப்புச்சியிடம் சொன்னேன். அவர் அதுவரை ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். அதற்குள் மாமாவும் வந்துவிட்டார்.

"ஏண்டா, இது யாரு நெஞ்சுடா?"

"ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல இருந்ததுங்கப்பா. மிலிட்டரின்னா அதத்தான் போடறாங்க."

"கழட்டு."

"மொதலாளி படம் இருக்குதுங்க. நாளைக்கு அவரு வாராரு. கழட்டுனா நல்லாருக்குமுங்களா?"

அப்புச்சி பக்கத்து டீக்கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டு, அந்த வயதில் அதன் மேல் ஏறினார். மாமா அவர் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அப்புச்சி மடியிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து, கழுத்துக்குக் கீழே தொடங்கி, பதக்கங்கள் இருந்த இடத்தை அப்படியே அறுத்தெடுத்தார். முதலாளி மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. மறுநாள் வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும், நெஞ்சில் ஓட்டையோடு நின்ற அப்புச்சியைத் தாண்டித்தான் மண்டபத்துக்குப் போனார்கள்.

அறுத்த துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். நான் ஓட்டமும் நடையுமாகக் கூடவே போனேன்.

"ஏனுங்க அப்புச்சி, என்ற போட்டோ இல்லீன்னுதானுங்க அறுத்தீங்க?"

அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

"ஆமா சாமி. அதுக்குத்தான்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மாமாவின் கதையில் அது வயதான காலத்துக் கோபம். காரணத்தை அவர் கேட்டதே இல்லை. அம்மா கேட்டிருந்தாள், துக்க வீட்டில்தான் அதை எனக்குச் சொன்னாள். எல்லையில் சண்டை நடந்த சமயத்தில், மலைப்பாதையில் குண்டு விழுந்தபோது, லாரியில் அப்புச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செத்துப்போனார். அவருக்குக் கொடுத்த பதக்கத்தை வாங்க அவருடைய தாய் வந்தபோது, அப்புச்சிதான் கைப்பிடித்துக் கூட்டிப் போனாராம். அதே பதக்கம் ஃப்ளெக்ஸில் இவர் நெஞ்சில் தொங்கியது.

அன்று என்னிடம் "ஆமா" என்று சொல்வதற்கு முன், கொஞ்ச தூரம் அவர் பேசாமல் நடந்தாரே, அப்போது அவரோடு நடந்தது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் போட்டோவைப் பற்றியே வீடு வரைக்கும் பேசிக்கொண்டு போனேன்.