இருபத்தொன்றுக்கு இருபது

திரையின் ஓரத்தில் இருபத்தொன்றுக்கு இருபது என்று வந்து நின்றதும் எங்கள் ஒருங்கிணைப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. "சரி, தீர்மானம் நிறைவேறிச்சுது" என்று வாசித்தார். குரலில் பிசிறில்லை. தோற்றது அவர் பக்கம்தான் என்பது புதிதாக வந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

விஷயம் ஒரு பெயர். காப்பீடு இல்லாதவர்களுக்காக நடக்கும் இலவச கிளினிக்குகள் நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், ஊருக்கொருவராகத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதியது. நான் அதில் ஒரு வரிகூட எழுதியவனில்லை. நியூ ஜெர்சியில் அரசு அலுவலகமொன்றில் முப்பது வருடம் கொள்முதல் விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன். பார்சிப்பனி வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போய்ச் சேர்ந்தேன். நான் சேர்ந்த பிறகு அந்தக் குழுவின் விதிமுறைகள் இருபது பக்கமாயின. அதற்கு முன் அவர்கள் சந்தோஷமாக இருந்ததாகக் கேள்வி.

ஒருங்கிணைப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், மருந்தாளர். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த கிளினிக்கில் இதே மென்பொருளை வைத்துத்தான் மருந்து கொடுப்பார். என்னை அண்ணை என்பார். நான் மேடம் என்பேன், கொங்கு நாட்டுக்காரனுக்கு அதற்கு மேல் குழைய வராது. அந்த நேரத்தில்தான் ஹூஸ்டனிலிருந்து ஒரு தம்பி, மென்பொருளோடு பராமரிப்பும் சேர்த்து விற்கும் சிறு நிறுவனம் வைத்திருந்தவர், ஒரு யோசனை சொன்னார். அவர் விற்பது 'கம்ப்ளீட்', இலவசமாகக் கிடைப்பது 'பேசிக்' என்று பெயர் வைப்பது. "அங்கிள், ரெண்டும் ஒரே சாஃப்ட்வேர்தான். பேர் மட்டும்தான் வேற. இதுக்குப் போய் எதுக்கு டென்ஷன்?" என்றார். ஒருங்கிணைப்பாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பேர் மட்டும்தான் எண்டா, உங்கட மூத்தவனைக் கம்ப்ளீட் எண்டும் இளையவனை பேசிக் எண்டும் கூப்பிடுங்கோ பாப்பம்." பிறகு சிரிக்காமல் சொன்னார்: கிளினிக்கை நடத்தும் குழுவில் கணினி தெரிந்தவர் ஒருவரும் இல்லை, பேசிக் என்று திரையில் கண்டால், குறையுள்ளது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள்.

மூன்று வாரம் மடல்கள் பறந்தன. யார் எந்தப் பக்கம் என்று ஓர் உறையின் பின்புறத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் என் கணக்கு இருபத்தொன்றுக்கு இருபது. கூட்டத் தலைவர், அதாவது ஒருங்கிணைப்பாளர், ஓட்டுப் போடக்கூடாது என்பது நான் எழுதிய விதி. ஆனால் ஓட்டு தொடங்குமுன் தலைமையை ஓட்டில்லாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சாதாரண உறுப்பினராக ஓட்டுப் போடலாம். உலகத்தில் எல்லாச் சபைகளிலும் நடப்பது. அப்படி அவர் போட்டிருந்தால் சமம், சமமானால் தீர்மானம் விழும். இருபது பக்கத்தில் அதை எழுத விட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே என்பது அலுவலகத்தில் நான் கற்ற முதல் பாடம். ஆனால் உண்மையைச் சொன்னால் அது மட்டுமல்ல. என் கணக்கு அப்படியே பலிக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பலித்தது.

அடுத்த மாதம் கிளினிக் குழுவில் ஒரு பெரியவர் கேட்டாராம்: "உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பேசிக் போதுமா?" அத்தோடு முடிந்தது. குறிப்புகளையெல்லாம் அச்செடுத்துப் பெட்டிகளில் போட்டார்கள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைக் கணினி சிவப்பில் காட்டி எச்சரிக்கும், பெட்டி எச்சரிக்காது. ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதத் தொடங்கினார்.

அதைக் கேள்விப்பட்ட அன்றே ஃபோன் செய்து விதியைச் சொன்னேன்.

"முதலே தெரியுமா, அண்ணை?"

"தெரியும் மேடம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலீங்களே."

"ஓம். கேக்கேல்லைத்தான்" என்றார். "அப்ப அதை விதிமுறையில சேருங்கோ. எல்லாரும் மென்பொருளுக்கு அனுப்புற மாதிரி நீங்களும் ஒரு திருத்தமா அனுப்புங்கோ, நான் பாக்கிறன்."

அதுதான் என் முதல் திருத்தம். ஒரே வாக்கியம். இந்த மாற்றம் ஏன் தேவை என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது. 'தெளிவுக்காக' என்று போட்டேன், முப்பது வருடம் போட்டுப் பழகிய சொல். பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்: "ஆருக்குத் தெளிவில்லை?"

எல்லா உறுப்பினரும் படிக்கும் பக்கம் அது. மாலை வரை அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: 'விதி தெரிந்த ஒருவர் வாக்கெடுப்பின்போது சொல்லாமல் வேடிக்கை பார்த்தார். அவர் நான்தான்.'

ஏற்றுக்கொண்டார். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்கோ. அட்டை எழுத ஆள் காணாது."

இப்போது அவர் கலிபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில், மகள் வீட்டில் இருக்கிறார். மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்காததற்கு அவரும் பதில் சொன்னதில்லை. ஆனால் அந்த முதல் சனிக்கிழமை, நான் எழுதிய முதல் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மருந்தின் பெயரை வாசிக்க முடியவில்லையாம்.